வால்வெள்ளியின் ஊற்றைக் கண்ட பெசல்

நாள்தோறும் தோன்றும் கதிரவனையும் திங்களையும் விண்மீன்களையும் கண்டு மக்கள் அஞ்சுவதில்லை. ஆனால், எப்பொழுதோ ஒருமுறை அழையா விருந்தினர் போல் வந்து, நீண்ட வாலை வானில் விரித்துக் காட்டி, சில வாரங்களில் மறைந்துவிடும் வால்வெள்ளியைக் கண்டு பண்டைக்கால மக்கள் பெரிதும் அஞ்சினர். அரசனுக்குக் கேடு வரும் என்றும், நாட்டில் பஞ்சமும் போரும் தோன்றும் என்றும் நம்பினர். தமிழில் அதற்குத் தூமகேது, புகைக்கொடி என்னும் பெயர்கள் உண்டு. தூமம் என்பது புகை. கேது என்பது கொடி. இப்பெயரில் ஓர் ஆழ்ந்த உண்மை பொதிந்து கிடக்கின்றது. கொடியெனத் தோன்றும் அப்புகை எங்கிருந்து எழுகின்றது? எவ்வாறு எழுகின்றது? ஏன் அது எப்பொழுதும் கதிரவனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்கின்றது? இவ்வினாக்களுக்குக் கணக்கின் துணைகொண்டு விடை தேடிய முன்னோடிகளுள் தலைசிறந்தவர் ஜெர்மானிய வானநூல் அறிஞர் பிரீடரிக் வில்ஹெல்ம் பெசல்.

பெசல் 1784ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் ஜெர்மனியில் உள்ள மிண்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அரசு அலுவலர், வருவாயோ குறைவு. ஒன்பது மக்களைப் பெற்ற அக்குடும்பத்தில் செல்வம் செழிக்கவில்லை. பெசல் பள்ளியில் சேர்ந்து பயின்றார். அக்காலப் பள்ளிகளில் இலத்தீன் மொழிக்கே முதலிடம். அம்மொழி அவருக்குக் கசந்தது. கணக்கு ஒன்றே இனித்தது. எனவே, பதினான்காம் வயதிலேயே அவர் பள்ளியை விட்டு விலகி, 1799ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரெமன் என்னும் துறைமுக நகரில் இருந்த பெரிய வணிக நிலையம் ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழாண்டுகள் ஊதியமின்றி உழைத்துத் தொழில் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயினும், கணக்கு எழுதுவதில் அவருக்கிருந்த திறமையைக் கண்ட நிலையத்தார் விரைவிலேயே சிறிது ஊதியமும் அளித்தனர்.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பர். பெசல் தம் வேலையைக் கூலிக்குச் செய்யும் வேலையாகக் கருதவில்லை. கடல் கடந்து செல்லும் கப்பல்களில் சரக்குகளுக்குப் பொறுப்பாளராகச் சென்று, உலக வாணிகத்தை நேரிற்கண்டு பழக வேண்டும் என்று விரும்பினார். அதற்கெனப் புவியியலையும், ஆங்கிலம், ஸ்பானியம் முதலிய மொழிகளையும் தாமே கற்றார். நடுக்கடலில் செல்லும் கப்பல் எவ்விடத்தில் உள்ளது என்பதை அறிய விண்மீன்களின் துணை வேண்டும். ஆகவே, கப்பல் செலுத்தும் கலையைக் கற்கப் புகுந்தார். அக்கலை அவரை வானநூலிடம் கொண்டு சேர்த்தது. வானநூல் கணிதத்திடம் அழைத்துச் சென்றது. பகலெல்லாம் வணிக நிலையத்தில் உழைப்பார். இரவில் விளக்கின்முன் அமர்ந்து நூல்களைப் பயில்வார். உறங்கும் நேரம் வரவரக் குறைந்தது.

ஏட்டுக் கல்வியோடு அவர் நிற்கவில்லை. ஒரு தச்சரையும் ஒரு கடிகாரத் தொழிலாளரையும் துணைகொண்டு, கோணம் அளக்கும் செக்ஸ்டண்ட் என்னும் கருவியைத் தாமே அமைத்துக் கொண்டார். திங்கள் தன் பாதையில் செல்லும்பொழுது சில வேளைகளில் ஒரு விண்மீனை மறைக்கும். அம்மறைப்பு நிகழும் நேரத்தை ஓரிடத்தில் நுட்பமாகக் குறித்து, பிற இடங்களில் குறித்த நேரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால் அவ்விடத்தின் தீர்க்கரேகையை அறியலாம். பெசல் இம்முறையால் பிரெமன் நகரின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். ஏற்கெனவே அறியப்பட்டிருந்த அளவோடு அது பொருந்தியது. அந்த மகிழ்ச்சி அவருடைய வாழ்வின் போக்கையே மாற்றத் தொடங்கியது.

ஹாலி வால்வெள்ளி ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவனை நெருங்கி வருவது. அது 1607ஆம் ஆண்டு தோன்றியபொழுது, ஆங்கிலேயராகிய தாமஸ் ஹாரியட் அதன் இருப்பிடங்களை அளந்து குறித்து வைத்திருந்தார். அக்குறிப்புகள் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்தன. பெசல் அவற்றைக் கொண்டு 1607ஆம் ஆண்டில் அவ்வால்வெள்ளி சென்ற பாதையைக் கணக்கிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபது.

பிரெமன் நகரில் ஓல்பர்ஸ் என்னும் பெரியார் ஒருவர் வாழ்ந்து வந்தார். பகலில் நோயாளிகளுக்கு மருந்தளிப்பார். இரவில் தம் வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்து விண்ணை ஆராய்வார். வால்வெள்ளியின் பாதையைக் கணக்கிடும் எளிய முறை ஒன்றைக் கண்டறிந்து அவர் பெரும்புகழ் பெற்றிருந்தார். 1804ஆம் ஆண்டு, பெசல் தெருவில் அவரைக் கண்டு, பணிவுடன் தம் கணக்கைக் காட்ட விரும்புவதாகத் தெரிவித்தார். வணிக நிலையத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரின் கணக்குத்தானே என்று ஓல்பர்ஸ் புறக்கணிக்கவில்லை. அதனை வாங்கிப் படித்து வியந்தார். அதன் அருமையை உணர்ந்து அச்சேறவும் வழி செய்தார். பிற்காலத்தில் ஓல்பர்ஸ், வானநூலுக்குத் தாம் செய்த தொண்டுகளுள் தலையாயது பெசலின் அறிவாற்றலைக் கண்டுகொண்டதே என்று கூறி மகிழ்வாராம்.

1806ஆம் ஆண்டு பெசலின்முன் இரு வழிகள் தோன்றின. ஒன்று வணிக வழி; அதில் நல்ல ஊதியமும் உறுதியான வாழ்வும் உண்டு. மற்றொன்று வானநூல் வழி. பிரெமனுக்கு அருகிலுள்ள லிலியன்தால் என்னும் ஊரில் ஷ்ரோட்டர் என்பவர் நடத்திய வான்நிலையத்தில் உதவியாளர் பணி. அதற்குரிய ஊதியமோ வணிகத்தில் கிடைக்கவிருந்ததில் ஒரு சிறு பகுதியே. வறுமையை நன்கறிந்த பெசல், வறுமை வந்தாலும் வரட்டும் என்று இரண்டாவது வழியையே தேர்ந்தார்.

அங்குச் சில ஆண்டுகள் அவர் ஆற்றிய பணியின் சிறப்பு நாடெங்கும் பரவியது. பிரஷ்ய நாட்டு மன்னர் கோனிக்ஸ்பர்க் நகரில் புதிதாக ஒரு வான்நிலையம் அமைக்க எண்ணி, இருபத்தைந்து வயதே நிரம்பிய பெசலை அதன் தலைவராக நியமித்தார். பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் மாணவராகப் பயிலாதவர் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நெப்போலியன் நடத்திய போர்களால் பிரஷ்யா நொந்து கிடந்த காலம் அது. எனினும், 1813ஆம் ஆண்டில் வான்நிலையம் கட்டி முடிந்தது. பெசல் தம் வாழ்நாளின் இறுதி வரை அங்கேயே பணியாற்றினார். இங்கிலாந்தின் கிரீனிச் நகரில் பிராட்லி என்பார் முன்னர் எடுத்த அளவுகளை ஆராய்ந்து, 3,222 விண்மீன்களின் இருப்பிடங்களைச் செம்மையாகக் கணக்கிட்டு 1818ஆம் ஆண்டில் வெளியிட்டார். எந்தக் கருவியிலும் பிழை உண்டு. அப்பிழை இவ்வளவு என்று அறிந்து களைந்தபின்னரே அளவை நம்ப வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

1829ஆம் ஆண்டு அவ்வான்நிலையத்திற்கு ஹீலியோமீட்டர் என்னும் அரிய கருவி வந்து சேர்ந்தது. புகழ்பெற்ற கண்ணாடி வல்லுநர் பிரான்ஹோபர் திட்டமிட்ட தொலைநோக்கி அது. அதன் பெரிய வில்லை நடுவில் இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது. பாதிகளை ஒன்றையொன்று உரசியவாறு நகர்த்தினால், இரண்டு விண்மீன்களின் உருவங்களை ஒன்றாகச் சேர்த்துக் காணலாம். எவ்வளவு நகர்த்தினோம் என்பதைக் கொண்டு அவற்றிற்கு இடைப்பட்ட மிகச் சிறிய கோணத்தையும் அளந்துவிடலாம். இக்கருவியோடுதான் பெசல் ஹாலி வால்வெள்ளியை எதிர்கொண்டார்.

இளமையில் ஏட்டில் மட்டும் கண்ட அவ்வால்வெள்ளி 1835ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. ஆகஸ்டுத் திங்களில் ரோமாபுரியிலிருந்து அது முதலில் காணப்பட்டது. அதன் தலையின் நடுவே ஒளிமிக்க உட்கரு ஒன்று தெரிந்தது. அதனைச் சுற்றி மங்கிய ஒளிமூட்டம் பரவியிருந்தது. வானநூலார் இவ்வொளிமூட்டத்தைக் கோமா என்று வழங்குவர். செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, மங்கிய விண்மீன் ஒன்று உட்கருவிற்கு மிக அருகே, கோமாவின் ஊடாகத் தெரிந்தது. பெசல் அந்த வாய்ப்பை விடவில்லை. கோமா அடர்ந்த காற்றாயின், நீரில் நட்ட கோல் வளைந்து தோன்றுவதுபோல் விண்மீனின் ஒளியும் சற்று விலகித் தோன்ற வேண்டும். ஹீலியோமீட்டரால் அளந்து பார்த்தபொழுது விலகல் சிறிதும் காணப்படவில்லை. எனவே, உலகையே அச்சுறுத்திய வால்வெள்ளியின் தலை மிகமிக நுண்ணிய ஆவியாலும் துகளாலும் ஆனது என்பது தெளிவாயிற்று.

அக்டோபர்த் திங்கள் தொடக்கத்தில் அதைவிட வியப்பான காட்சி ஒன்று தோன்றியது. உட்கருவிலிருந்து கதிரவனை நோக்கி, விசிறி விரித்தாற்போல் ஓர் ஒளித்தாரை பீறிட்டது. சிறிது தொலைவு சென்றபின் அது இருபுறமும் வளைந்து பின்னோக்கித் திரும்பி, வாலோடு கலந்தது. அக்டோபர் 12ஆம் நாளையொட்டி வால்வெள்ளி பூமிக்கு மிக அருகே, ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் வந்தது. அந்நாட்களில் பெசல் தொலைநோக்கியை விட்டு அகலாது தாரையின் திசையை மீண்டும் மீண்டும் அளந்தார். தாரை ஒரே திசையில் நிற்கவில்லை. கதிரவன் இருக்கும் திசைக்கு ஒருகால் வலப்புறமும் ஒருகால் இடப்புறமுமாக, கடிகாரத்தின் ஊசல் போல் அசைந்தது. அந்த அசைவு ஏறத்தாழ 4.6 நாட்களுக்கு ஒருமுறை நிகழ்வதாக அவர் கணக்கிட்டார்.

கண்டதை வரைந்து வைப்பதோடு பிறர் பலர் நின்றனர். பெசலோ காரணத்தை ஆராய்ந்தார். தோட்டத்து நீரூற்றிலிருந்து மேலே பாயும் நீர், பூமியின் ஈர்ப்பால் வேகம் குறைந்து, வளைந்து, கீழே விழுகின்றது. வால்வெள்ளியிலும் இத்தகைய ஊற்று ஒன்று உள்ளது. ஆனால், அங்கே துகள்களைத் திருப்பி அனுப்புவது உட்கருவின் ஈர்ப்பன்று. கதிரவனிடமிருந்து வரும் தள்ளுவிசையே. கதிரவன் இருக்கும் பக்கம் நோக்கிப் பாயும் துகள்களை அவ்விசை தடுத்துப் பின்னுக்குத் தள்ளுகின்றது. அவ்வாறு தள்ளப்பட்டவை சேர்ந்தே வாலாகின்றன. ஓல்பர்ஸ் இத்தகைய தள்ளுவிசை இருக்கலாம் என்று 1812ஆம் ஆண்டிலேயே கருதியிருந்தார். ஆசிரியரின் அக்கருத்தை மாணவர் கணக்கால் வளர்த்து, துகள்கள் செல்லும் பாதைக்குரிய சமன்பாடுகளை 1836ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அத்துடன் அவர் மற்றொரு வினாவையும் எழுப்பினார். துப்பாக்கியிலிருந்து குண்டு முன்னே பாயும்பொழுது துப்பாக்கி பின்னே உதைக்கின்றது. அவ்வாறாயின், உட்கருவிலிருந்து பொருள் ஓயாது பீறிடும்பொழுது உட்கருவும் எதிர்ப்புறம் உதைக்கப்பட வேண்டுமன்றோ? அவ்வுதை வால்வெள்ளியின் பாதையையும் மாற்ற வேண்டுமன்றோ?

இவ்வினா வீண் ஐயம் அன்று. என்கே வால்வெள்ளி என்பது ஏறத்தாழ மூன்றேகால் ஆண்டுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றி வருவது. அது ஒவ்வொரு முறையும் கணக்கிட்ட நேரத்திற்கு ஏறத்தாழ இரண்டரை மணி முன்னதாகவே வந்தது. பெர்லின் வான்நிலையத் தலைவராகிய என்கே, விண்வெளியெங்கும் மெல்லிய பொருள் ஒன்று நிறைந்து வால்வெள்ளியைத் தடுக்கின்றது என்று விளக்கம் கூறினார். தடை நேர்ந்தால் சுற்றுப்பாதை சிறுத்து, சுற்றும் காலமும் குறையும். என்கே பெரும்புலவர், அவருடைய கருத்தைப் பலரும் ஏற்றிருந்தனர். பெசல் அக்கருத்தை மறுக்கத் தயங்கவில்லை. காணாத ஒரு பொருளை விண்வெளியில் நிரப்புவானேன்? கண்ணால் கண்ட தாரையின் உதையே போதிய காரணமாகலாம் என்று அவர் எடுத்துக் காட்டினார். ஆனால், தம் கருத்தே முடிந்த முடிபு என்று அவர் சாதிக்கவில்லை. ஈர்ப்பை மட்டும் கொண்டு கணக்கிடுவது போதாமற் போகலாம் என்ற அளவில் நின்றார். அன்றைய அறிஞருலகம் என்கேயின் பக்கமே பெரும்பாலும் சாய்ந்திருந்தது.

பெசலின் புகழை உலகெங்கும் பரப்பியது மற்றொரு செயல். பூமி கதிரவனைச் சுற்றுவதால், அருகிலுள்ள விண்மீன்கள் ஓராண்டில் சற்று இடம் மாறித் தோன்ற வேண்டும். நூற்றாண்டுகளாகப் பலர் தேடியும் எவரும் நம்பத்தக்க முறையில் அதனை அளந்ததில்லை. பெசல் அன்னம் என்னும் விண்மீன் குழுவில் 61ஆம் எண் கொண்ட விண்மீனை ஹீலியோமீட்டரால் அளந்து, 1838ஆம் ஆண்டில் அதன் தொலைவை வெளியிட்டார். அவர் கணக்கின்படி ஒளி அங்கிருந்து இங்கு வர ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகும். இன்றைய அளவின்படி 11.4 ஆண்டுகள். 1844ஆம் ஆண்டில், சிரியஸ் என்னும் விண்மீனுக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டு என்று அதன் அசைவைக் கொண்டு கூறினார். 1862ஆம் ஆண்டில் அத்துணை தொலைநோக்கியில் காணப்பட்டது.

1840ஆம் ஆண்டு பெசலுக்குப் பெருந்துயர் நல்கிய ஆண்டு. தந்தை போன்ற ஓல்பர்ஸ் அவ்வாண்டில் மறைந்தார்; இருபத்தாறு வயதான அருமை மகனும் இறந்தார். அதன்பின் பெசலின் உடல் நலமும் குன்றியது. நோயின் கொடுமைக்கிடையிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்த அவர், 1846ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் உழைத்த வான்நிலையத்திற்கு அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வான்நிலையம் இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் அழிந்தது. கோனிக்ஸ்பர்க் நகரமும் 1946ஆம் ஆண்டிலிருந்து கலினின்கிராட் என்னும் பெயருடன் ரஷ்யாவில் விளங்குகின்றது.

ஆயினும், பெசலின் கருத்து அழியவில்லை. ஹாலி வால்வெள்ளி 1910ஆம் ஆண்டில் கணக்கிட்ட நாளுக்கு ஏறத்தாழ மூன்று நாட்கள் பிந்திக் கதிரவனை நெருங்கியது. விண்வெளிப் பொருளின் தடை என்கே வால்வெள்ளியை முந்தச் செய்தது என்றால், ஹாலி வால்வெள்ளி பிந்துவானேன்? 1950ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் விப்பிள் இப்புதிரை அவிழ்த்தார். உட்கரு என்பது பனிக்கட்டியும் தூசியும் கலந்த கட்டி. கதிரவனின் வெப்பம் பட்டதும் பனி உருகி நீராகாமல் நேரே ஆவியாகிப் பீறிடுகின்றது. தூசியையும் உடன் இழுத்துச் செல்கின்றது. உட்கரு தன்னைத்தானே சுற்றுவதால், வெயிலில் சூடேறிய பகுதி சற்றுத் திரும்பிய பின்னரே ஆவி மிகுதியாக எழுகின்றது. எனவே, உதை சிறிது சாய்ந்து விழுகின்றது. சுற்றும் திசைக்கேற்ப அது ஒரு வால்வெள்ளியை முந்தச் செய்யும். மற்றொன்றைப் பிந்தச் செய்யும். என்கே கூறிய தடைப்பொருள் தேவையற்றதாயிற்று. பெசல் கூறிய உதையே நிலைபெற்றது.

பெசலின் எல்லாக் கருத்துகளும் சரியாக அமைந்தன என்று கூறுதற்கில்லை. தாரை ஊசல் போல் அசைவதற்குக் காந்தம் போன்றதொரு விசை காரணம் என்று அவர் எண்ணினார். உட்கருவின் சுழற்சியே காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. பூமியிலிருந்து பார்க்கும்பொழுது உட்கரு மிகச் சிறிய புள்ளிதான். ஆயினும், அதிலிருந்து பாயும் தாரைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் நீள்கின்றன. சுழலும் குழாயிலிருந்து சிதறும் நீர் வளைவதுபோல் அவையும் வளைகின்றன. அவ்வளைவைக் கண்டு சுழற்சியை அறியலாம். 1910ஆம் ஆண்டில் எடுத்த நிழற்படங்களைக் கணிப்பொறியால் தெளிவாக்கி, 1980களில் அறிஞர்கள் ஹாலி வால்வெள்ளியின் தூசித் தாரைகளை ஆராய்ந்தனர். தூசி கதிரவனின் ஒளியைச் சிதறச் செய்து ஒளிர்கின்றது. வாயுவோ அவ்வொளியை ஏற்றுத் தனக்குரிய நிறங்களில் தானே ஒளிர்கின்றது. இவ்வேறுபாட்டைக் கொண்டு தூசித் தாரை எது, வாயுத் தாரை எது என்று பூமியிலிருந்தே பிரித்தறிய முடிகின்றது.

1986ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், ஐரோப்பியர் அனுப்பிய ஜியோட்டோ என்னும் விண்கலம் ஹாலி வால்வெள்ளியின் உட்கருவிற்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அருகில் சென்றது. பாய்ந்து வந்த தூசி மோதியதால் கலமே நிலை தடுமாறியது. ஆனால், அதற்குள் அது அனுப்பிய படங்களில் கரியைப் போன்ற, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள உட்கரு தெரிந்தது. வெயில் படும் பக்கத்திலிருந்து ஒளிமிக்க தாரைகள் கதிரவனை நோக்கிப் பீறிட்டன. பெசல் 150 ஆண்டுகளுக்கு முன்னர்க் கோனிக்ஸ்பர்க் நகரின் குளிரில் நின்று கண்ட அதே ஊற்று அது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு வணிக நிலையப் பணியாளர், கண்டதைப் பிழையின்றி அளந்து குறித்தார், கணக்கிட்டார், பெரியோர் கூறினும் ஆராய்ந்த பின்னரே ஏற்றார், தாம் கூறியதையும் அளவறிந்தே கூறினார். அதனால்தான் அவர் கருத்தில் சில பிழைபட்டபோதும் அவர் எடுத்த அளவுகள் பின்வந்தோர்க்குப் பயன்பட்டன. ஹாலி வால்வெள்ளி 2061ஆம் ஆண்டில் மீண்டும் வரும். இன்றைய மாணவர் பலர் அப்பொழுது முதியோராய் நின்று அதனைக் காண்பர். அச்சமின்றி அறிவோடு அதனை நோக்குவோர் அனைவரும், அதன் தலையில் ஊற்றைக் கண்ட பெசலுக்குக் கடமைப்பட்டவராவர்.